மணல் பையும் கவிழ்த்த பட்டமும்

"உனக்குக் கதைக்க வேறை ஒண்டும் வரேல்லையெண்டால், அந்தக் கார் ரேசைப் பற்றியாவது கதைச்சுத் துலையன்."

அடுப்படியில் அகப்பையோடு நின்று அக்கா இதைச் சொன்னபோது அவளுக்கு உண்மையாகவே கோபம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நல்லூர்க் கோயிலில் வைத்து எனக்குப் பெண் காட்டியிருந்தார்கள். பெண் என்றால், அவளும் நாற்பதைக் கடந்தவள்தான். நான் ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் இந்த வேலையைக் கோயிலில் வைத்துத்தான் செய்வார்கள். இரண்டு வீட்டாரும் தற்செயலாகக் கும்பிட வந்தவர்களைப் போல வந்து, வெளிவீதியில் ஓரமாக நின்று, மரக்கறி விலையைப் பற்றியும் யாரோ ஒருவருடைய விசாவைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்துக்குள் சம்பந்தப்பட்ட இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வயதைப் பார்த்தோ என்னவோ, அவளுடைய தமையன் பெரிய மனது பண்ணி, "நீங்கள் கதையுங்கோ" என்று சொல்லிவிட்டுச் செருப்பு விட்ட இடத்துக்குப் போனார்.

"லொறி ஓடுறனீங்களாம்?" என்று அவள் கேட்டாள்.

"ஓம்."

"வாழைக்குலையோ ஏத்துறனீங்கள்?"

"ஓம்."

"நீர்வேலியிலயிருந்தோ?"

"ஓம்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "இண்டைக்கு நல்ல வெயில், என்ன?" என்றாள்.

அதற்கும் நான் ஓம் என்றேன். அன்று காலையிலிருந்தே வானம் மப்பாகக் கிடந்தது என்பதை வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் கவனித்தேன்.

இரண்டு நாளில் தமையனிடமிருந்து செய்தி வந்தது. அவளுக்கு என்னை வேண்டாம் என்று இல்லையாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வருவாளாம். ஆனால் வாய் திறக்காத ஒருவரோடு மிச்சக் காலத்தை ஓட்ட ஏலாதாம். அன்றைக்கும் நான் கதைக்காவிட்டால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாமாம்.

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. வெயில் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்த அந்தப் பார்வையில் ஒரு பகிடி இருந்தது. என்னைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அதைத் தமையனிடம்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன கதைப்பது என்று அக்காவிடம் போய்க் கேட்டேன்; அதற்குத்தான் அவள் அகப்பையோடு அப்படிச் சொன்னாள்.

கார் ரேஸ் எனக்கு லொறியால் வந்த பழக்கம். அக்காவின் கணவருக்கு, அதாவது அத்தானுக்கு, நீர்வேலியில் வாழைத்தோட்டம். அவருடைய குலைகளையும் பக்கத்துத் தோட்டக்காரரின் குலைகளையும் என்னுடைய சின்ன லொறியில் ஏற்றி, எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கும் சுன்னாகத்துக்கும் கொண்டுபோவதுதான் என் வேலை. அடியில் வாழைச்சருகு பரப்பி, காய் நசியாமல் ஒன்றோடொன்று அணைத்து அடுக்க வேண்டும். உயர அடுக்கினால் முடக்கில் லொறி சரியப் பார்க்கும். தெரு வளைகிற இடத்தை நாங்கள் முடக்கு என்போம். சந்தைக்குப் போகிற வழியில், வெளிப்பக்கம் ஒரு பழைய மதிலோடு, அப்படி ஒரு முடக்கு இருக்கிறது. ஒவ்வொரு நாளும் பாரத்தோடு அதால் போய், வெறுமையாக அதாலேயே திரும்பி வருகிறேன். பாரத்தோடு போகும்போது லொறி தெருவில் நன்றாக இருக்கும். ஆனால் முடக்கில் மதில் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வெறுமையாக வரும்போது இழுக்காது. ஆனால் பின்சில்லுகள் துள்ளும். பாரம் நல்லதா கூடாதா என்று வருஷக்கணக்காக எனக்குள் ஒரு கேள்வி கிடந்தது. இதை யாரிடம் போய்க் கேட்பது? கேட்டாலும், அதுக்கென்ன, மெள்ள ஓடு என்றுதான் சொல்வார்கள்.

அக்காவின் மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு கைபேசி அனுப்பியிருந்தான். அதில் எதையோ தேடப்போய் ஒரு காணொளி அகப்பட்டது. ஒரே முடக்கு. அதால் போன வெவ்வேறு காலத்து ரேஸ் கார்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார்கள். காருக்குள்ளேயே கமரா. அதில் பேசுகிற இங்கிலீசு எனக்கு விளங்காது. அதனால் சத்தத்தை நிற்பாட்டிவிட்டு, ஓட்டுகிறவரின் கைகளை மட்டும் பார்த்தேன். கைகளைப் பார்த்தால் எனக்குப் போதும்.

ஆகப் பழைய கார்கள் சுருட்டைப் போல இருக்கும். ஒல்லியான ரயர்கள். முடக்கு வந்ததும் ஓட்டுகிறவரின் கைகள் ஓயாது. இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, முழுக்காரும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். பார்க்கவே பயமாக இருக்கும். பிறகு வந்த கார்களின் முதுகில் பலகை முளைத்தது. முதலில் மெல்லிய கால்களில் உயரமாக நின்று, சிலவற்றில் முறிந்தும் போயிருக்கிறது. பிறகு அதைப் பதித்து, ஒழுங்காகக் கட்டினார்கள். இன்னும் கொஞ்சக் காலம் போகக் காரின் வயிற்றையே மாற்றினார்கள். அடியால் போகிற காற்று காரை நிலத்தோடு உறிஞ்சிப் பிடிக்கும்படி செய்தார்கள். அந்தக் கார்களில் ஓட்டுகிறவரின் கைகள் கொஞ்சம்தான் அசையும். கழுத்துத்தான் பாவம், ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும்.

இப்போதைய கார்கள் நீளம், பாரமும் கூட. இருபது வருஷத்துக்கு முந்தினவை சின்னன், பாரம் குறைவு. மடங்கித் திரும்புகிற மெதுவான முடக்கில் அந்தச் சின்னக் கார் எலி திரும்புவது போல டக்கென்று திரும்பிவிடும். இப்போதைய கார் அதே இடத்தில் பெருமூச்சு விட்டுக்கொண்டு திரும்பும். ஆனால் வேகமான அகன்ற முடக்கு வந்தால் கதை மாறும். பாரமான இந்தக் கார் வேகத்தைக் குறைக்காமலே போய்விடும்.

இது எனக்குப் பெரிய புதிராக இருந்தது. பாரம் கூடினால் மதில் பக்கம் இழுக்க வேண்டும் அல்லவா? என் லொறி இழுக்கிறதே!

ஒருநாள் வெறும் லொறியோடு வரும்போது ஜன்னலால் கையை நீட்டி, உள்ளங்கையைக் கொஞ்சம் முன்னால் சரித்தேன். காற்று கையைப் பிடித்துக் கீழே அமத்தியது. வேகத்தைக் கூட்ட இன்னும் அமத்தியது. அப்போது எனக்குப் பட்டம் நினைவுக்கு வந்தது. சின்னனில் தை மாதம் முழுவதும் பட்டம்தான். பட்டத்தின் நெஞ்சில் கட்டுகிற முச்சைக் கயிற்றை எந்தச் சரிவில் கட்டுகிறோமோ அந்தச் சரிவில் காற்று பட்டத்தைத் தூக்கும். சரிவை மறுபக்கம் மாற்றினால் அதே காற்று குத்திக்கொண்டு நிலத்துக்கு வரப்பண்ணும். காரின் முதுகில் இருப்பது கவிழ்த்துக் கட்டின பட்டம்.

அதோடு மற்றதும் விளங்கியது. குலைகளின் பாரம் ரயரை அமத்துகிறது, உண்மை. ஆனால் முடக்கில் அந்தக் குலைகளையும் சேர்த்துத்தான் திருப்ப வேண்டும். அவை நேரே போகத்தான் பார்க்கும். பிடிக்கிற கையும் அதுதான், இழுக்கிற கையும் அதுதான். காற்று அமத்துவது அப்படியல்ல. அது அமத்த மட்டும் செய்கிறது. திருப்புவதற்கு அதில் ஒரு குலையும் இல்லை. ஆனால் காற்று வேகத்தோடுதான் வரும். மெதுவாகப் போகிறவருக்கு அது உதவிக்கு வராது. அங்கே பாரம் மட்டும்தான் மிச்சம்.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தை அத்தானிடம்தான் சொன்னேன். வேறு ஆள் இல்லை. அத்தான் நல்ல பருமனான ஆள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ரேஸ் நடந்தால் கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாத்தி வைத்து இருவரும் பார்ப்போம். அவர் பார்ப்பது என்னை நக்கலடிப்பதற்காக.

"காத்து எண்டால் தூக்கும் மச்சான். எங்கையாவது அமத்துமோ?"

"பட்டத்தைக் கவிட்டுக் கட்டினால்…"

"கவிட்டுக் கட்டினவனை ஊரில விசரன் எண்டுவினம். இஞ்சை பார், வெறும் லொறி துள்ளும். குலை ஏத்தின லொறி இருக்கும். பாரம் எண்டால் பிடிப்பு. உதுக்கு மேல ஒரு சயன்சும் இல்லை."

"இருக்கும். ஆனா முடக்கில இழுக்குமெல்லே?"

"அது லொறியின்ரை பிழையில்லை, ஓட்டுறவன்ரை பிழை" என்று சொல்லிவிட்டு அவர் கடலையைக் கொறிப்பார். எனக்கு அதற்கு மேல் வாதாட வராது. பதில் முழுவதும் மனதுக்குள் வரிசையாக நிற்கும். வாய்க்கு வருவதற்குள் கார்கள் அடுத்த சுற்றுக்குப் போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா விடியவே வாழைப்பழ வாய்ப்பன் சுட மா குழைத்துவிட்டாள். எனக்குப் புது சேட்டு. அத்தானுக்கு வெள்ளை வேட்டி. தமையனுக்கு அன்று ஏதோ வேலையாம். அவள் அரியாலையிலிருந்து தனியே ஸ்கூட்டரில் வருவதாகத் தகவல். "தனியவோ?" என்று அக்கா வாயில் கையை வைத்தாள். பிறகு, "பறவாயில்லை, துணிஞ்ச பிள்ளை" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

நான் வீட்டுக்குள் இருக்க முடியாமல் வெளியே போய் லொறிக்குப் பக்கத்தில் நின்றேன். எங்கள் வீட்டுக்கு வருகிற ஒழுங்கை ஒடுக்கமான செம்மண் தெரு. வாசற் படலைக்குக் கொஞ்சம் முன்னால் மடங்கித் திரும்பும். ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவள் அந்த முடக்கில் மெதுவாகத்தான் திரும்பினாள். அப்படியிருந்தும் ஸ்கூட்டர் வெளிப்பக்கம் போய், கிளுவை வேலியில் தேய்த்துக்கொண்டுதான் வந்து நின்றது. அவள் காலடியில் ஒரு உரப்பை, வாய் கட்டப்பட்டு, பொதுக்கென்று இருந்தது.

"உது என்ன பை?" என்றேன்.

நானாக அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. கேட்டுவிட்டேன் என்பதே கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"மணல்" என்றாள்.

"மணலோ?"

"ஓம். நான் வேலணையில பள்ளிக்கூடக் கந்தோரிலயெல்லே வேலை. ஒவ்வொரு நாளும் பண்ணைப் பாலத்தால போகோணும். ரெண்டு பக்கமும் கடல், சோளகக் காத்துத் தொடங்கினால் பக்கத்தால வந்து அடிக்கும். ஒருக்கா என்னைத் தெருக்கரைக்கே கொண்டுபோய் விட்டிட்டுது. அண்டையிலயிருந்து பாரத்துக்கு மணல். கந்தோரில எல்லாரும் பகிடி. நான் வேலணையில நாளுக்கொரு பையாய்க் கொண்டுபோய் வீடு கட்டுறனாம்."

"முடக்கில இழுக்குமே?"

"இழுக்கும்தான். இப்ப உங்கடை வேலியைத் தேய்ச்சதைப் பாத்தனீங்கள்தானே?"

"ஓம்" என்றேன். அந்தச் சொல் திரும்ப வந்துவிட்டதே என்று பயமாக இருந்தது. அதோடு நிறுத்தினால் எல்லாம் முடிந்துவிடும். ஸ்கூட்டரின் முன்சில்லைப் பார்த்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினேன். சில்லைப் பார்த்துக் கதைப்பது ஆளைப் பார்த்துக் கதைப்பதைவிட லேசு. பாரம் ரயரை அமத்தும் என்றேன். ஆனால் திரும்பும்போது அந்தப் பாரத்தையும் சேர்த்துத் திருப்ப வேண்டும் என்றேன். சுருட்டுப் போன்ற கார்கள், முதுகில் பலகை முளைத்த கார்கள், நிலத்தை உறிஞ்சுகிற கார்கள், எலி மாதிரித் திரும்புகிற கார்கள் எல்லாம் வந்தன. ஜன்னலால் கையை நீட்டினதைச் செய்து காட்டினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் ஹெல்மெற்றைக் கழற்ற மறந்து நின்றுகொண்டிருந்தாள். படலையில் அக்கா. அக்காவுக்குப் பின்னால் அத்தான்.

"அப்ப அவையளின்ரை காருகளுக்குக் காத்து உதவி செய்யுது" என்றாள் அவள். "எனக்கு மட்டும் ஏன் தள்ளி விழுத்துது?"

"அவையளுக்கு முன்னால இருந்து வாற காத்து. அதுக்கெண்டு பலகை வைச்சிருக்கினம். உங்களுக்குப் பக்கத்தால வருது."

"நான் மெள்ளத் திரும்பினனே. அப்பவும் ஏன் இழுத்தது?"

"மெள்ளத் திரும்பினால் காத்தே இல்லை. பாரம் மட்டும்தான். அதோடை பை காலடியில சும்மா கிடக்குது. நீங்கள் இந்தப் பக்கம் திரும்பேக்க அது அந்தப் பக்கம் ஓடுது."

"பிழை!" என்று அத்தான் முன்னால் வந்தார். "பிள்ளை, உவன்ரை கதையைக் கேட்டுப் பழுதாப் போகாதேயும். பாரம் எண்டால் பிடிப்பு. நான் இப்ப காட்டுறன். ஸ்கூட்டரைத் தாரும்."

"இஞ்சேருங்கோ, வேட்டியோடை…" என்று அக்கா தொடங்கினாள்.

அத்தான் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, மணல் பையோடு ஏறினார். அவருடைய பாரமே இரண்டு மூன்று மணல் பைக்குச் சரி. ஒழுங்கையின் கடைசிவரை போய்த் திரும்பி, வேகமாக வந்தார். நேரே வரும்போது ஸ்கூட்டர் அழகாக, அசையாமல்தான் வந்தது. அவர் ஒரு கையை விட்டு எங்களைப் பார்த்து ஆட்டினார். முடக்கு வந்தது. அவர் திருப்பினார். பை திரும்பவில்லை. அத்தானும் திரும்பவில்லை. வேலியில் மாடு போய்வர விட்டிருந்த இடைவெளிப் பொட்டுக்குள்ளால் நேரே புகுந்து, அன்று விடியத்தான் தண்ணீர் இறைத்த வாழைப்பாத்திக்குள் போய், மெதுவாக, மிக மெதுவாகச் சரிந்தார்.

பாத்திக்குள்ளிருந்து அத்தானின் குரல் வந்தது.

"மச்சான், நிலம் சரியில்லை."

அவள் சிரித்தாள். ஹெல்மெற்றுக்குள் இருந்தபடியே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, லொறியில் சாய்ந்து சிரித்தாள். அக்காவும் சிரித்து, பிறகு வேட்டியைப் பார்த்து அழுவாரைப் போல ஆனாள். நானும் அத்தானும் ஸ்கூட்டரை இழுத்தெடுத்துக் கழுவினோம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மணல் பையை இறக்கி வைத்துவிட்டு அவள் ஏறி ஓடிப் பார்த்தாள். முடக்கில் உள்பக்கமாக, வேலியில் ஒரு இலைகூடப் படாமல் திரும்பினாள். இன்னொருமுறை போய் இன்னொருமுறை திரும்பினாள். அது தேவையில்லாத முறை. ஆசைக்குத் திரும்பினது.

போகும்போது, "இந்த மணல் இஞ்சையே கிடக்கட்டும்" என்றாள்.

"சாமானை விட்டிட்டுப் போறா எண்டால் திரும்பி வரப்போறா எண்டுதானே அர்த்தம்" என்று அக்கா இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள். அத்தான், "அது சாமானில்லை, குப்பை" என்றார். அவருக்கு இன்னும் காதுக்குள் சேறு.

அடுத்த நாள், திங்கட்கிழமை காலையில் நான் குலைகளை இறக்கிவிட்டுச் சந்தையில் நிற்கும்போது கைபேசி அடித்தது. அவள்தான். முதலில் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"நான் பாலத்தில நிக்கிறன்" என்றாள். "உங்கடை கதையைக் கேட்டு மணலை இறக்கினன். இப்ப ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போறன். ஏறி ஓடேலாது. பாதித் தூரம் வாறதுக்குள்ள காத்து ரெண்டு தரம் தெருக்கரைக்குத் தள்ளிப்போட்டுது."

"விழுந்தனீங்களோ?"

"இன்னும் விழேல்லை."

"நில்லுங்கோ. வாறன்."

வெறும் லொறியோடு பட்டணத்தைக் கடந்து பண்ணைக்கு ஓடினேன். பாலத்தில் ஏறினதும் சோளகம் லொறியின் பக்கத்தில் அறைந்தது. பின்பக்கம் அசைந்தது. ஸ்ரீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். குலை ஏற்றிக்கொண்டு இந்தப் பாலத்தால் போன நாட்களில் இப்படி அசைந்ததில்லை. அப்போதுதான் என் மண்டைக்குள் ஏறியது. நான் பார்த்ததெல்லாம் முடக்குகள். இத்தனை காலமாகக் கைபேசியில் முடக்கை மட்டும் பார்த்து, முடக்கை மட்டும் யோசித்து, பக்கக் காற்றில் நேரே போகிற ஒரு ஆளை மறந்துபோனேன். பாலத்தில் அவளுடைய மணல்தான் சரி. என்னை நம்பி அதை இறக்கிவிட்டாள்.

இனி எங்கே கதைப்பது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கடலில் மீன் பிடிக்கிறவர்கள் சைக்கிளை விடுகிற அகலமான ஓரத்தில் அவள் நின்றாள். ஹெல்மெற்றுக்குள்ளே சால்வையின் தலைப்பைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். லொறியை நிற்பாட்டி இறங்கினேன். அவள் முகத்தில் பகிடி இல்லை.

"அப்ப பாரம் வேணுமோ வேண்டாமோ?"

"பாலத்தில வேணும். முடக்கில வேண்டாம்."

"ரெண்டும் ஒரே றோட்டிலதானே கிடக்குது? பாலம் முடியத் தீவுக்குள்ள இறங்கிற முடக்கு. நான் எங்கை ஏத்தி எங்கை இறக்கிறது?"

பாலத்தின் மற்ற முனையைத் திரும்பிப் பார்த்தேன். காற்று இரைந்தது. ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அவள் கந்தோருக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் பஸ்ஸைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யோசியுங்கோ. நான் நிக்கிறன்" என்றாள். "ஓம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

லொறியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அக்கா முற்றத்தில் கிடக்க விடாமல் தூக்கிப் போட்ட அந்த மணல் பை அங்கே ஒரு மூலையில் கிடந்தது. அதைக் கண்டபோது ரேஸ்காரர்கள் செய்கிற இன்னொரு வேலை நினைவுக்கு வந்தது.

"அவையளும் பாரம் வைக்கிறவை" என்றேன். "கார் அளவுக்கு மிஞ்சி லேசாப் போனால் பாரம் வைச்சுச் சரிக்கட்டுவினம். விதி அப்பிடி. ஆனா கண்ட இடத்தில வையாயினம். ஆகக் கீழ, நிலத்துக்குக் கிட்ட, அசையாமல் இறுக்கிப் பூட்டுவினம். பாரம் பிழையில்லை. உங்கடை பை குவிஞ்சு உயரமா நிண்டது, ஓடித் திரிஞ்சது. அதுதான் பிழை. எனக்கு அது முதலே வந்திருக்கோணும்."

"ஞாயிற்றுக்கிழமை உங்கடை அத்தான் சேத்துக்குள்ள போகேக்க வந்திருக்கலாம்" என்றாள். பகிடி திரும்பி வந்துவிட்டது.

பையை அவிழ்த்துப் பாதி மணலைக் கரையில் கொட்டினேன். மிச்சத்தை இரண்டு மடிப்பாகத் தட்டையாக்கி, ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் படிய வைத்தேன். குலை கட்டுவதற்கென்று பழைய ரியூப்பை வெட்டின நாடாக்கள் எப்போதும் லொறியில் இருக்கும். அவற்றால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டினேன். காலால் உதைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

"முடக்குக்கு முதலே வேகத்தைக் குறைச்சிடுங்கோ. முடக்குக்குள்ள பிரேக் பிடியாதேங்கோ."

அவள் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"போதுமோ இந்தப் பாரம்?"

"பாதிதான் இருக்குது. காத்துக் கூடினால் கொஞ்சம் ஆட்டும்."

"உங்கடை பாரம் எவ்வளவு?"

எனக்கு விளங்கவில்லை. அவள் ஸ்கூட்டரில் ஏறி, பின்னால் கையால் தட்டினாள்.

"ஏறுங்கோ. கந்தோர்வரை வந்து பாருங்கோ. சரிவராட்டில் திரும்பி வந்து மற்றப் பாதியையும் அள்ளிப் போடலாம்."

"லொறி…"

"லொறியை ஆர் தூக்கிக்கொண்டு போகப் போறான்?"

மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏறினேன். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் பின்கம்பியைப் பிடித்தேன். புறப்பட்டதும் சோளகம் வந்து அடித்தது. ஸ்கூட்டர் கொஞ்சம் நகர்ந்து, பிறகு தன் வழிக்கு வந்தது. அவள் தோள் இறுகியிருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். கொஞ்சத் தூரம் போக அது தளர்ந்தது.

"பின்னால இருக்கிறவர்" என்று காற்றுக்கு மேலால் கத்தினாள், "முடக்கில என்ன செய்யோணும்?"

"ஓட்டுறவ சாயிற பக்கம் சாயோணும்."

"நிமிந்திருந்தால்?"

"மணல் பை."

பாலம் முடிந்தது. அவள் முடக்குக்கு முதலே வேகத்தைக் குறைத்தாள். நான் சொன்னதை விடவும் முதலே குறைத்தாள். பிறகு இடப்பக்கம் சாய்ந்தாள். என் உடம்பு நேரே போகத்தான் பார்த்தது. வருஷக்கணக்காக லொறியில் நிமிர்ந்து இருந்தே பழகின உடம்பு. அவள் தோளை மட்டும் பார்த்துக்கொண்டு, அது போன பக்கம் நானும் சாய்ந்தேன். ஸ்கூட்டர் தெருவின் உள்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டைத் தாண்டாமல், வட்டமாகத் திரும்பித் தீவுக்குள் இறங்கியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்தப் பாரம் பறவாயில்லை" என்றாள். "அண்ணையிட்டைச் சொல்லிவிடுறன்."

நான் என்ன சொன்னேன் என்று அவள் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். வேறு என்ன சொல்வேன்? ஓம் என்றேன்.

கந்தோர் வாசலில் அவளுடன் வேலை செய்கிறவர்கள் நின்றார்கள். ஸ்கூட்டரில் கட்டியிருந்த பையையும் பின்னால் இருந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "வீட்டுக்கு மணல் வந்திட்டுது, மேசனையும் கூட்டிக்கொண்டு வந்திட்டா" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் பஸ் எடுத்துத் திரும்பிப் போய், பாலத்தின் நடுவில் இறங்கி, லொறியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கலியாணமும் முடிந்து, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் பார்க்க நாங்கள் நாலு பேர். அவள் சத்தத்தை நிற்பாட்ட விடமாட்டாள். இங்கிலீசு அவளுக்குக் கொஞ்சம் விளங்கும். "இந்தக் காரும் பாரம் கூடிப்போச்சாம், சொல்லுறான்" என்று இடைக்கிடை எங்களுக்குச் சொல்வாள். அத்தான் உடனே நிமிர்ந்து உட்காருவார்.

"நான் அண்டைக்கே சொன்னனான். பாரம் எண்டால் பிடிப்பு."

"அத்தான், பாத்தி இறைச்சிருக்கோ?" என்று அவள் கேட்பாள்.

அவர் வாய்ப்பனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கைபேசியைப் பார்ப்பார். மெதுவான முடக்கு ஒன்றில் கார்கள் வரிசையாகப் பெருமூச்சு விட்டுத் திரும்பிக்கொண்டிருக்கும்.